எதிர்ச் சுற்று

“பகல்ல நம்ம வீட்டுக்குள்ள யாரோ வந்துட்டுப் போறாங்க.”

கணவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “என்ன காணாமப் போச்சு?”

“ஒண்ணும் காணாமப் போகலை. அதிகமாயிருக்கு.”

தான் பின்னிக்கொண்டிருந்த குரோஷே பையை மேசைமேல் வைத்தாள். உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பாகம் போட்டு, அதன்மேல் சுற்றுச் சுற்றாக ஏற்றிக்கொண்டே போகவேண்டிய சின்னப் பை.

“நேத்து நீங்க ஆபீஸ் கிளம்பின பிறகு, கடைசித் தையல்ல சேஃப்டி பின் குத்தி வெச்சேன். அப்புறம்தான் வீட்டைப் பூட்டினேன். சாயங்காலம் உங்களுக்கு முன்னாடி வந்து பார்த்தா, பின்னுக்கு மேல ரெண்டு விரல் வளர்ந்திருக்கு.”

“நீயே போட்டுட்டு மறந்திருப்பே.”

“நான் போட்டா இவ்வளவு நல்லா இருக்குமா?”

ஆமாம் என்றாலும் வம்பு, இல்லை என்றாலும் வம்பு. அவன் சாப்பாட்டில் கவனமானான். பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்கை முட்டிக்கொள்கிறது என்று கல்யாணமான புதிதிலிருந்தே அவர்கள் எதிரெதிரேதான் சாப்பிடுவார்கள். முகம் தப்பிக்க வழியே கிடையாது.

அவளுக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசை வேலை. ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறேன் என்று சத்தியம் செய்கிறவர்களைத் தினமும் பார்த்துப் பார்த்து, யார் என்ன சொன்னாலும் நம்புகிற பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“மாத்துச்சாவி யார்கிட்ட இருக்கு? மாடி டீச்சர்கிட்ட. போன வாரம் அவங்க பின்னல் வகுப்புல எல்லாருக்கும் முன்னாடி என்ன சொன்னாங்க? ‘உனக்குக் கை வருதும்மா, பொறுமைதான் பத்தலை’ன்னாங்க. இப்ப திருட்டுத்தனமா வந்து முடிச்சுக் குடுத்துட்டு, நாளைக்கு வகுப்புல ‘நான்தான் போட்டேன்’னு மானத்தை வாங்கப் போறாங்க.”

“அவங்களுக்கு வேற வேலை இல்லையா?”

“சர்க்கரை டப்பாவைப் பாருங்க. டீயும் போட்டுக் குடிச்சிட்டு, நம்ம சோபாவுல சாவகாசமா உக்காந்து பின்னிட்டுப் போறாங்க.”

“விட்டுத் தள்ளு. பை வளருது, நல்லதுதானே?”

அது ஒரு பதிலா? அவள் ஃபோனில் வீடியோ பார்த்துப் பின்னிப் பழகும்போதெல்லாம் பக்கத்தில் கொட்டாவி விட்டபடி பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதன் அருமை எங்கே தெரியப்போகிறது.

“நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். ஒத்துக்கலைன்னா திங்கக்கிழமை லீவு போட்டுட்டு வீட்டுக்குள்ளேயே உக்காந்திருந்து, கையும் களவுமா பிடிக்கிறேன்.”

அவனுக்குப் புரையேறியது. “லீவெல்லாம் எதுக்கு? நானே அவங்ககிட்டப் பேசிச் சாவியை வாங்கிடறேன்.”

“நீங்க ஏன் இவ்வளவு பதர்றீங்க?”

“எனக்கென்ன பதட்டம்?” என்று எழுந்து கை கழுவப் போனான். டீச்சருக்கு வக்காலத்து வாங்குகிறான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் டீச்சர் வீட்டுக் கூடத்தில் வழக்கம்போல் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அந்த வாரம் பின்னியவை கைமாறிக்கொண்டிருந்தன. ஒருத்தி சாவிக்கொத்தில் மாட்ட ஒரு பூ போட்டிருந்தாள். தபால் ஆபீஸ்காரி தன் பேத்திக்குப் போட்ட குல்லா, பேத்தியின் பொம்மைக்குத்தான் சேரும் என்று சிரித்தாள். இவளுடைய பை டீச்சர் கைக்குப் போனதும் பொறுக்கமுடியவில்லை.

“எங்க வீட்டுச் சாவியை நீங்க எதுக்கெல்லாம் எடுக்கறீங்கக்கா?”

டீச்சர் உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். சாவியை அதில் போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் தன் கையெழுத்தையும் போட்டுக் கொடுத்தவள் அவள்தான். கையெழுத்து கோடு கலையாமல் அப்படியே இருந்தது.

“பிரிக்கவே இல்லைம்மா. இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்.” டீச்சர் பையைக் கையில் திருப்பிப் பார்த்தார். “கீழ்ப்பாதி உன்னோடது. இறுக்கிப் பிடிச்சிருக்கே, ஊசி நுழைய இடமில்லை. மேல்பாதி வேற கை. சுத்து எதிர்ப்பக்கமாப் போகுது பாரு. வலது கைக்காரங்க யார் போட்டாலும் இப்படி வராது. இது இடது கைக்காரங்க பின்னினது. இங்க இருக்கிற யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை.”

மன்னிச்சிடுங்கக்கா என்று முணுமுணுத்தாள். நல்ல மனுஷியை நாலு பேர் முன்னால் திருடியாக்கியதில் உடம்பே கூசியது. பையை வாங்கிக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டில் கணவன் தரையில் உட்கார்ந்து மறுநாள் ஆபீஸுக்கு ஷூ பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

“என்ன, டீச்சர் ஒத்துக்கிட்டாங்களா?”

அவள் அவன் கையைப் பார்த்தாள். இடது கையில் பிரஷ் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது. என்றைக்கும் இல்லாத வழக்கமாக எதிரே உட்காராமல், அவனை ஒட்டிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவனுடைய இடது முழங்கை அவள் வலது முழங்கையில் முட்டியது.

அவன் கையிலிருந்து பிரஷை மெதுவாக வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பையை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

“நாளைக்கு ஷூ வேண்டாம். நான் கிளம்பற வரைக்கும் தெருவுல எங்கேயும் போய் நிக்கவும் வேண்டாம்,” என்றாள். “வேலை போய் எவ்வளவு நாளாச்சு?”