அக்கா தலை போச்சு!

"ஐயையோ, உன் அக்கா தலை போச்சு!"

அத்தான் போட்ட சத்தத்தில் மச்சினி கையிலிருந்த டீ சிந்தியது. அக்கா என்னவோ சமையலறையில் தலையோடுதான் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலை போனது கம்ப்யூட்டர் திரையில் இருந்த கல்யாணப் போட்டோவில்.

"ஓரத்தை மட்டும் வெட்டுங்கன்னுதானே சொன்னேன்? கன்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்க அத்தான். அக்கா திரும்பி வந்துடுவா."

அழுத்தினார். வந்துவிட்டாள். "ஒரு தடவை போனவ இவ்வளவு சுலபமா வந்துடுவாளா?" என்று அவர் கேட்டது சமையலறைக்கு எட்டாமல் போனது அவர் செய்த புண்ணியம்.

மச்சினிக்கு ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் தயாரிக்கும் வேலை. வாரம் முழுக்க மாப்பிள்ளைகளின் வழுக்கையை மறைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமையாவது இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்றிருந்தாள். அக்கா வீட்டுக்காரர் போன் மேல் போன் போட்டு வரவழைத்துவிட்டார்.

அவரையும் குற்றம் சொல்ல முடியாது. மாதக்கணக்கில் வேலையில்லாமல் வீட்டோடு இருந்த மனிதருக்கு ஒருவழியாக ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நாளைக்குத்தான் முதல் நாள். காலை பத்து மணிக்கே போட்டோ எடிட்டிங் கிளாஸ்.

"இன்டர்வியூல, போட்டோ எடிட்டிங் தெரியுமான்னு கேட்டாங்கம்மா. அதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடுன்னு சொல்லிட்டேன்" என்றார் அத்தான். "நாளைக்கு இருபது பேர் முன்னாடி திருதிருன்னு முழிச்சேன்னு வெச்சுக்கோ, வந்த வேலை வந்த அன்னைக்கே போயிடும். அப்புறம் உன் அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

அதைக் கேட்டதும் மச்சினிக்குத் தூக்கம் போன கோபம் கொஞ்சம் இறங்கியது.

"சரி, எந்த சாஃப்ட்வேர் வேணும்?"

"எதுன்னாலும் ஃப்ரீயா இருக்கணும். காசு கொடுத்து வாங்கற பேச்சே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. ஃப்ரீன்னு தேடினா வண்டி வண்டியா வருது. எனக்குத் தலையும் புரியலை, வாலும் புரியலை."

அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள்.

"இது இருக்கே, இதுல இல்லாததே கிடையாது. ஆனா முதல் தடவை திறக்கறவங்க அத்தனை பட்டனையும் பார்த்தாலே மிரண்டு போய் மூடிடுவாங்க. இது ரெண்டாவது. இன்ஸ்டால் பண்ண வேண்டாம், நெட்லயே திறக்கும். ஆனா நீங்க அக்காவைத் தேடி எடுக்கறதுக்குள்ள நாலு விளம்பரம் வந்து குறுக்க குதிக்கும். மூணாவது பலே கில்லாடி. ஃப்ரீ ஃப்ரீன்னு இனிக்க இனிக்கப் பேசும். எல்லா வேலையும் முடிச்சு சேவ் பண்ணப் போனா, காசுக்குக் கையை நீட்டும். குடுக்கலைன்னா போட்டோ நடுவுல தன் பேரைப் பச்சை குத்திடும்."

அத்தான் எழுந்து நின்றார். எதிரில் இருந்த பீரோவைப் பார்த்துக் கையை ஆட்டியபடி, "மூணாவது பலே கில்லாடி. இனிக்க இனிக்கப் பேசும், சேவ் பண்ணப் போனா கையை நீட்டும்" என்று ஒரு சொல் விடாமல் ஒப்பித்தார். பீரோ வாயைத் திறக்கவில்லை.

"அப்ப எதைத்தான் எடுத்துக்கறது?"

"இந்த நாலாவதை. சின்னது, சாது. வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம், எழுத்து போடலாம். லேயர் கூட உண்டு. புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுதான் சரி."

"லேயர்னா?"

"போட்டோ மேல கண்ணாடித் தாளை அடுக்கின மாதிரி. மேல் தாள்ல என்ன கிறுக்கினாலும் அடியில இருக்கிற போட்டோவுக்கு ஒண்ணும் ஆகாது."

"இன்னும் கொஞ்சம் சுலபமா சொல்லேன். ஒண்ணுமே தெரியாத ஒருத்தருக்குச் சொல்ற மாதிரி."

"அப்படி ஒருத்தருக்குத்தானே அத்தான் காலைலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன்!"

அதற்குள் அக்கா ஒரு தம்ளர் வெந்நீரைக் கொண்டுவந்து ணங்கென்று வைத்தாள். "எழுந்ததுலேர்ந்து வெந்நீர், வெந்நீர்னு உயிரை வாங்கறார்டி. நாளைக்குத் தொண்டை கட்டிக்கக் கூடாதாம். என்ன கூத்தோ!" என்று தலையிலடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பயிற்சி தொடர்ந்தது. இருட்டுவதற்குள் போட்டோவில் இருந்த அக்கா இரண்டு தடவை பச்சையானாள், ஒரு தடவை அவளுக்கு மீசை முளைத்தது. கடைசியாக வெளிச்சத்தைக் கூட்டுகிறேன் பேர்வழி என்று அத்தான் அவளை வெள்ளைத்தாளாகவே ஆக்கிவிட்டு, கன்ட்ரோலும் இன்னொன்றும் அழுத்த வேண்டுமே, அது எது என்று கேட்டார்.

மச்சினி பொறுமை இழந்தாள்.

"போதும் அத்தான், விடுங்க! தெரியாததைச் சொல்லிக் குடுக்கத்தானே கிளாஸே வெக்கறாங்க? பேசாம கடைசி வரிசையில போய் உட்காருங்க. எல்லாத்தையும் வாத்தியார் பார்த்துப்பார். நீங்க தப்பு பண்ணா மிஞ்சிப்போனா என்ன செய்வார்? சிரிப்பார். அவ்வளவுதானே?"

அத்தான் வெந்நீரை ஒரே மடக்கில் குடித்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

"வாத்தியார் சிரிக்கிற நிலைமையில இல்லம்மா. உன் எதிர்லதான் அழுதுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்!"