நலச்செம்மலின் ஒரு வார்த்தை

“கண்ணைப் பாரும்மா, கண்ணை! ரெண்டும் செக்கச்செவேல்னு கெடக்கு. நலம்ங்கிறது உன்கிட்ட மருந்துக்குக்கூட இல்ல” என்றார் நலச்செம்மல்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் இரண்டு இரவு தூங்காத கண்களைப் புறங்கையால் தேய்த்துக்கொண்டாள். நலச்செம்மல் என்பது யாரும் கொடுத்த பட்டம் அல்ல, அவரே எடுத்துக்கொண்டது. அந்தச் சின்ன அறையில் அவருடைய அத்தர் வாடை மூக்கைத் துளைத்தது.

“நான் என்னைப் பத்திக் கேக்கலைங்க. உங்க பேச்சைக் கேட்டுட்டு ஒரு தையல்கார அக்கா சர்க்கரை மாத்திரை எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டாங்க. இப்ப ரெண்டு கால்விரல் கறுத்துப்போச்சு. இன்னும் தள்ளிப்போட்டா காலையே எடுக்கணும்.”

“நலம்னா என்ன?” மேடையில் கேட்பது போலவே கேட்டார். மூன்றாவது டம்ளர் தண்ணீரையும் மடமடவென்று குடித்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டார். “நோய் இல்லாம இருக்கிறதா? அது மருந்து விக்கிறவன் கட்டிவிட்ட கதை. நோய்ங்கிற நெனப்பே இல்லாம இருக்கிறதுதான் நலம்!”

“அந்த அக்காவுக்கு, யார் தோளையும் பிடிக்காம பாத்ரூம் வரைக்கும் நடந்துபோனா அதுதாங்க நலம்.”

“சேச்சே! ரொம்பத் தாழ்ந்த நிலையில யோசிக்கிறே.”

“இருக்கட்டும். நீங்க சொன்னாத்தான் ஊசி போட்டுக்குவாங்களாம். ஒரே பிடிவாதம்.” அவள் செல்போனை நீட்டினாள். “‘போட்டுக்கோம்மா’ன்னு ஒரே ஒரு வார்த்தை. லைன்ல கூப்பிடட்டுமா?”

செத்த கரப்பான்பூச்சியைத் தள்ளுவது போல, நலச்செம்மல் அதை ஒற்றை விரலால் தள்ளிவிட்டார்.

“நான் ஊசி போடச் சொன்னேன்னு நாளைக்கே ஊர் பூரா பரவும். அப்புறம் என் பேரு என்னாகிறது? எத்தனை புத்தகம், எத்தனை மேடை! யாரோ ஒருத்தி காலுக்காக அத்தனையும் விட்டுட முடியுமா?”

அவள் செல்போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பேசினால் வாயில் என்ன வருமோ என்று பயந்தவள் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள்.

நலச்செம்மல் கடிகாரத்தைப் பார்த்தார். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். குரல் தானாகத் தணிந்தது. எங்கிருந்தோ மரியாதையும் வந்து ஒட்டிக்கொண்டது.

“ஏழு மணிக்குக் கூட்டம். வழக்கமா போடுற இன்சுலினைச் சீக்கிரம் போட்டு விடுங்க, டாக்டரம்மா.”