கர்நாடக நம்பர்

தெருவோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஆறு வருஷமாக ஒரு கர்நாடக நம்பர் கார் நின்றது. அதன் அடியில்தான் தெருநாய் படுக்கும்.

"உனக்கு எந்த ஊரு?" என்று நாய் கேட்கும்போதெல்லாம், "பெங்களூரு. அடுத்த மாசம் திரும்பிப் போயிடுவோம்னு எங்க ஓனர் ஞானசேகர் சாரே சொல்றாரு" என்று கார் மிடுக்காகச் சொல்லும். அப்படியே சொல்லிச் சொல்லி, சார் நம்பரையும் மாற்றவில்லை, இன்சூரன்ஸில் இருந்த விலாசத்தையும் மாற்றவில்லை.

புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தால் ஃபோன் செய்து சொல்லும் பழைய பெங்களூர் வீட்டுக்காரர், இந்த வருஷம் அந்த வீட்டை விற்றுவிட்டார்; கடிதம் வந்த சேதி சாருக்கு எட்டவில்லை. இன்சூரன்ஸ் முடிந்த மூன்றாவது வாரம், ஐப்பசி மழையில் பெரிய கிளை முறிந்து காரின் மேல் விழுந்தது. ரிப்பேர் கட்டுப்படியாகாது என்று சார் அதைக் காயலான் கடைக்கு விற்றார்.

"இந்த ஊருன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்" என்றது நசுங்கிய கார்.

"வெளியூர் வண்டின்னா தெருமுனை வரைக்கும் துரத்துவேன். உன்னை என்னைக்காவது துரத்தினேனா?" என்றது நாய்.

லாரி காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கிளம்பியது. நாய் தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடியது, குரைக்காமல்.