பொங்காத பால்

"பால் பொங்காத வீட்டுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?" வீட்டுக்காரி ஞானாம்பாள் கத்தியது தெருமுனைவரை கேட்டது. மாடியில் புதிதாகக் குடிவந்த பெல்ஜியம்காரன் எமில், விசா நீட்டிப்புக்கான முகவரிக் கடிதத்தோடு நின்றான். நாளைதான் கடைசி நாள்.

"காய்ச்சினேன் அம்மா. பாதாம் பால். பொங்கலை."

"ஏம்ப்பா, பாதாமுக்கு மடி இருக்கா?"

மகள் சுடர்விழி பசும்பாலோடு மாடிக்கு ஓடினாள். ஞானாம்பாள் அடுப்பருகே பேனாவும் கையுமாகக் காத்திருந்து, பால் பொங்கி வழிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு கையெழுத்திட்டாள். ஒரே கரித்துணியின் இரு முனைகளைப் பிடித்து எமிலும் சுடர்விழியும் பாத்திரத்தை இறக்கியதை அவள் பார்க்கவில்லை. எதிர்வீட்டு ஜன்னல் பார்த்தது.

ஆவணியில் கல்யாணம் முடிந்து சுடர்விழி பெல்ஜியம் போனாள். அங்கே வாடகை வீட்டில் முதல் நாளே பாலைப் பொங்கவிட்டாளாம். அடுப்பு பாழானதென்று அந்த வீட்டுக்காரி போட்ட சத்தம் ஞானாம்பாளுக்குப் போனிலேயே கேட்டதாம்.