குச்சி கிடையாது

"வலது கையை வெளியே எடுக்காதீங்க."

"அப்புறம் எப்படிடீ சாப்பிடறது?"

நியாயமான கேள்விதான். கணக்கு வாத்தியாரின் மனைவிதான் அதைக் காதில் வாங்கவில்லை. சுஷி ஓட்டல் வாசலில், கணவரின் காலரைச் சரிசெய்கிற சாக்கில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதமாக வாத்தியாருக்கு வலது கை நடுக்கம். நரம்புக் கோளாறு, போகப் போகக் கூடத்தான் செய்யும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்றைக்கு மகளின் கல்யாணத்துக்குத் தேதி குறிக்க வேண்டும். பையன் தங்கமானவன். அவன் அம்மாவை நினைத்தால்தான் பயம். கணவர் போன பிறகு டிரைவிங் ஸ்கூலைத் தனியாளாக நடத்துகிறவள். "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை. வாத்தியார் வீட்டில் அவளுக்கு ரகசியப் பெயர் இன்ஸ்பெக்டர்.

"பேசாம சொல்லிடலாமே," என்றார் வாத்தியார்.

"சொல்லுங்க. பரம்பரை வியாதியான்னுதான் முதல் கேள்வி வரும். அடுத்த நிமிஷம் எழுந்து போயிடுவாங்க. கல்யாணம் முடியட்டும், அப்புறம் நீங்க தண்டோராவே போடுங்க."

போன மாதம் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தபோது, மூன்று மணி நேரமும் பேன்ட் பையிலிருந்து கையை எடுக்காமல் சமாளித்துவிட்டார். இங்கே அது நடக்குமா? பட்டப்பகலில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து, பச்சை மீன் வைத்த சோற்றுருண்டையை இரண்டு குச்சியால் தூக்க வேண்டும். நல்ல கையே தடுமாறும்.

"ஊர்ல வேற ஓட்டலே இல்லையா இவளுக்கு? எல்லாம் பகட்டு," என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள்.

"வாங்க சம்பந்தி!" மேசை அதிர்ந்தது. "வாத்தியாரய்யா, நீங்க அந்தச் சுவரோரம் உட்காருங்க. சின்னஞ்சிறுசுக ரெண்டும் இந்தப் பக்கம் வரட்டும்."

உட்காருகிற இடத்தைக்கூட இவள்தான் சொல்ல வேண்டுமா? வாத்தியார் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

எதிரே, நீள மேசைக்கு அந்தப் பக்கம், சுஷி மாஸ்டர் மீனை வெட்டிக்கொண்டிருந்தார். டீ வந்தது. அரைக் கோப்பைதான். வந்த இடத்தில் இந்தக் கஞ்சத்தனம் வேறு.

"சூப் கொண்டுவரட்டுமா?" என்றார் மாஸ்டர்.

"யாருக்கும் வேண்டாம். இந்த வெயில்ல எவன் சூப் குடிப்பான்?"

மற்றவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் சூப் கிண்ணத்தைத் தூக்கும் கண்டம் ஒன்று தப்பியது.

மாஸ்டர் சோற்றைப் பிடித்து, மேலே மீனை வைத்து, சோயா சாஸையும் அவரே தடவி, ஆளுக்கொன்றாகப் பலகையில் வைத்தார்.

"குச்சி எங்கே?" இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

வந்தது வினை என்று நினைத்தாள் வாத்தியார் மனைவி.

"குச்சி கிடையாதும்மா. கையாலதான் சாப்பிடணும்."

"போன மாசம் கொடுத்தீங்களே!"

"இப்போ கிடையாது."

"இது என்ன அநியாயம்? மேனேஜரைக் கூப்பிடுங்க!"

"நான்தாம்மா மேனேஜர்."

விடமாட்டாள், வாங்கியே தீருவாள் என்று வாத்தியார் மனைவிக்குத் தோன்றியது. "சம்பந்தி, கையாலேயே சாப்பிடலாமே! நமக்கென்ன புதுசா?" என்று பாய்ந்து சொன்னாள்.

"சரி, தொலையட்டும். உங்க முகத்துக்காக விடறேன்."

இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்தாள். மீன் வழுக்கி மகனின் சட்டையில் விழுந்தது. "ஐயோ, புதுச் சட்டைடா!" என்று அவள் போட்ட கூச்சலில் எல்லார் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து வாத்தியார் கையை வெளியே எடுத்தார். கை நடுங்கியது. விரல்களுக்குள் உருண்டை பத்திரமாக இருந்தது. வாய்க்குப் போனது. மனைவி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அவர் ஏழு சாப்பிட்டார். ஓட்டல் சாப்பாட்டை அவர் இப்படி ரசித்துச் சாப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. தேதியும் குறித்தாகிவிட்டது.

எல்லாரும் கிளம்பினார்கள். கடைசியாக வந்த வாத்தியார் மனைவி, வாசலுக்குப் பக்கத்து மேசையைப் பார்த்து நின்றுவிட்டாள். அங்கே நாலு பேர். நாலு பேர் கையிலும் குச்சி.

திரும்பி மாஸ்டரிடம் ஓடினாள்.

"அவங்களுக்கு மட்டும் குச்சி கொடுத்திருக்கீங்க?"

"எல்லாருக்கும் கொடுப்போம்மா."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "என் வீட்டுக்காரர் கையைப் பார்த்துட்டுத்தானே… நீங்க நல்லா இருக்கணும். எங்களுக்காக அந்தம்மாகிட்ட திட்டு வேற வாங்கினீங்க."

மாஸ்டர் கத்தியைத் துடைத்தார்.

"நான் யார் கையையும் பார்க்கலைம்மா. வெட்டும்போது நிமிர்ந்து பார்த்தா என் விரல் போயிடும். காலையில உங்க சம்பந்திதான் போன் பண்ணினாங்க. குச்சி வைக்காதே, டீயைப் பாதிக்கு மேல ஊத்தாதே, நான் எவ்வளவு சண்டை போட்டாலும் குச்சியை மட்டும் கொடுத்துடாதேன்னாங்க."

"அவங்களுக்கு எப்படி… நாங்க சொல்லவே இல்லையே?"

"அவங்க வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அந்தச் சுவரோர நாற்காலிதான் அவருக்கு. வெளியே எங்கே போனாலும் அவரும் கையைப் பையிலிருந்து எடுக்க மாட்டாராம்."

வாசலிலிருந்து குரல் வந்தது.

"என்ன சம்பந்தி, அங்கேயே நின்னுட்டீங்க? வாங்க, வாங்க. குச்சி கொடுக்காத மனுஷன்கிட்ட நமக்கென்ன பேச்சு!"