வாரண்டியில் வராத காற்று

"லினக்ஸ் போட்டா இப்படித்தான் மேடம். விண்டோஸ் போட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, சர்வரின் மூடியைக்கூடத் திறக்காமல் பையை மாட்டிக்கொண்டான் சர்வீஸ் இன்ஜினியர் ஜெயவேல்.

பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது.

ஷைனி எழுந்துபோய், சர்வர் வைத்திருந்த குடியிருப்பு மன்றத்தின் கதவைச் சாத்தினாள். உள்பக்கமாக.

எர்ணாவூரில் அந்தக் குடியிருப்பில் ஷைனி எதிரே லினக்ஸைக் குறை சொன்னவர்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்ததில்லை. அவள் புருஷன் கஸ்பாரே ஒரு தடவை, லினக்ஸில் பாட்டே கேட்க முடியாத லேப்டாப்பைப் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறாள் என்று முணுமுணுத்துவிட்டு, மூன்று நாள் ஓட்டலில் சாப்பிட்டார்.

"ஆன் பண்ணு தம்பி. இன்னா தெரியுது? கறுப்புத் திரை. லினக்ஸ் இன்னும் எழுந்துக்கவே இல்ல, அதுக்கு முன்னாடியே டிஸ்க்கப் படிக்கிற ரெய்டு கார்டு செத்துக் கெடக்குது. பொறக்காத கொழந்த மேல கேஸ் போடுறியா நீ?"

ஜெயவேல் பையைக் கழற்றினான்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது இரண்டு வருடக் காற்று. குடியிருப்பின் ஒன்பது மொட்டைமாடிகளில் ஷைனி கட்டிவைத்த கருவிகள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் அனுப்பிய சாம்பல் அளவு முழுவதும் அதில்தான்.

நிலக்கரி எரிக்கும் பக்கத்து ஆலை மேல் குடியிருப்பு போட்ட வழக்கில் வெள்ளிக்கிழமை விசாரணை. அன்று புதன்.

டிஸ்க்குகள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அந்தக் கார்டு தன் பாணியில் எழுதிவைத்ததை அதே மாதிரிக் கார்டுதான் படிக்கும். கார்டே இல்லாமல் லினக்ஸே அந்த வேலையைச் சும்மா பார்த்திருக்கும். சர்வர் என்றால் கார்டு இருக்க வேண்டும் என்று பந்தாவாக வாங்கியவள் ஷைனிதான்.

பேக்கப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நேற்று அதைக் கேட்ட கஸ்பார் மறுபடியும் ஓட்டலில்தான் சாப்பிடுகிறார்.

மன்றத்துச் சாவி வைத்திருக்கும் சொக்கம்மாள், பின்வாசல் சாவி இடுப்பிலேயே தொங்கியும், வெளியே ஜன்னலில் கட்டியிருந்த ஈரத்துணியை விலக்கிப் பார்ப்பதுதான் முறை என்று நின்றுகொண்டிருந்தாள்.

ஜெயவேல் மூடியைக் கழற்றினான். உள்ளே கோதுமை மாவைக் கொட்டிவைத்ததுபோல் சாம்பல். கார்டை உருவி செல்போன் வெளிச்சத்தில் பிடித்தான். செம்புக் கோடுகள் கறுத்து, அரித்து, ஓரங்களில் மயிர் முளைத்ததுபோல் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா நைனா, மெஷினுக்கு வீசிங்கா?" என்றாள் சொக்கம்மாள்.

அவன் சிரிக்கவில்லை. "இது கவர் ஆகாது மேடம். மெஷின்ல தப்பில்ல, இடத்துலதான் தப்பு. இந்த மாதிரி காத்துல வைக்கக் கூடாதுன்னு வாரண்டியிலேயே போட்டிருக்கு."

ஷைனிக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

"வைக்கக் கூடாதா? ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டி, ரூம மூடி வச்சிகினு கீறேன். பெத்த புள்ளைய அப்டி வச்சதில்ல. இதே காத்ததான நாங்களும் இழுத்துகினு கீறோம்? எங்களுக்கு எவன் குட்தான் வாரண்டி?"

அதற்குப் பிறகு அவள் சொன்னதை அச்சில் போட முடியாது. கம்பெனிக்காரன், விற்றவன், வாரண்டி எழுதியவன், ஜெயவேலுக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவன் என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டு நிறுத்தினாள். சொக்கம்மாள் ஜன்னலுக்கு வெளியே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

ஜெயவேல் குனிந்த தலை நிமிராமல் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தான். அரை மணி நேரம் தாங்கினான். பேனாவை வைத்தான்.

"விடுங்க மேடம். இதைக் கிழிச்சிடறேன். 'தயாரிப்புக் குறை'ன்னு வேற எழுதித் தரேன். நாளைக்குச் சாயங்காலம் புதுக் கார்டு வந்துடும். என் வேலைக்கு ஏதாவது வந்தா நான் பாத்துக்கறேன்."

ஷைனி பேச்சை நிறுத்தினாள். அந்தத் தெருவில் யாரும் பார்த்திராத சங்கதி அது.

"இதுல இன்னா எயுதிகீற? படி."

ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை அவன் தமிழில் சொன்னான். இவ்விடத்துக் காற்றில் நிலக்கரிச் சாம்பலும் கந்தக வாயுவும் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மிக மேல். அதனால் ஏற்பட்ட அரிப்பு. மின்னணுச் சாதனம் எதுவும் இயங்க இவ்விடம் தகுதியற்றது. கார்டு மாற்றித் தர இயலாது.

சொல்லிவிட்டுக் காகிதத்தைக் கிழிக்கப் போனான். ஷைனி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கிழிச்ச, கைய ஒடிச்சிடுவேன்."

"கார்டு வேணாமா மேடம்?"

"வேணாம். எயுதினத எயுதினபடி வுடு. இந்தத் தெருப் பேரு, கதவு நம்பரு, எல்லாத்தியும் சேத்து எயுது."

"அடியேய், பைத்தியம் கியித்தியம் புடிச்சிகீதா?" என்றாள் சொக்கம்மாள்.

போன விசாரணை முடிந்து வந்த அன்று, நல்லா போச்சு என்றுதான் ஷைனி தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள். ஆலையின் வக்கீல் கேட்டதைக் கஸ்பாரிடம்கூடச் சொல்லவில்லை.

பெட்டியும் குடியிருப்புக்காரர்களுடையது, சாம்பல் அளவும் அவர்களே எழுதியது என்றார் அந்த வக்கீல். சம்பந்தமில்லாத வெளியாள் ஒருவர், ஒரே ஒருவர், அங்கே காற்று கெட்டிருக்கிறது என்று கையெழுத்துப் போட்ட காகிதம் உண்டா என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார். கூடத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

ஜெயவேல் கையெழுத்துப் போட்டான். கம்பெனி முத்திரையைக் குத்தினான்.

ஷைனி காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"மங்கலா வுழுந்துகீது" என்றாள், கோபம் கொஞ்சமும் குறையாமல். "இன்னொரு வாட்டி குத்து."