எங்களுக்குள்ள சண்டையா?

சண்டைகளைச் சமரசம் செய்வது பற்றி மேல்படிப்பு படிக்கும் எட்மண்ட், குன்னூர் எஸ்டேட்டில் சிலோனிலிருந்து வந்தவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு வந்தான்.

"குழாயடியில உங்க ரெண்டு பேருக்கும் என்னங்க சண்டை?"

"எங்களுக்குள்ளயா? இவ என் கூடப்பொறந்தவ மாதிரிங்க ஐயா," என்று சின்னம்மை, கருப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப நெத்தியில என்னங்க காயம்?"

"வழுக்கி விழுந்துட்டேன்," என்றாள் கருப்பம்மா.

நம்பாமலேயே எட்மண்ட் சிரித்தபடி படியிறங்கினான்.

சின்னம்மை கிசுகிசுத்தாள்: "குடத்தால அடிச்சது நான்தான்னு ஏன்டி சொல்லல?"

"கண்டியிலயும் ஒரு ஆபீசர் இப்படித்தான் சிரிச்சுச் சிரிச்சுக் குடும்பத்தைப் பத்தி விசாரிச்சான். அப்புறம் எங்கக்காவை அங்கேயே நிறுத்திட்டு, என்னை மட்டும் கப்பல் ஏத்திட்டாங்க."

சின்னம்மை மெல்லக் கையை விலக்கப் போனாள்.

"விடாதடி. வளைவுல நின்னு திரும்பிப் பாக்குறான்."